வசனம் குறைந்த பிள்ளைகளை ஒத்திகையில் சும்மா உட்காரவைக்காமல் இருக்க

பள்ளி ஆண்டு விழா நாடகத்தில் 28 பேர் இருந்தால், கதையைத் தூக்கிச் செல்லும் வசனம் 6 பேருக்குத்தான் இருக்கும். மீதி 22 பேர் காவலர், தோழி, அமைச்சர், ஊரார். சாயங்காலம் 75 நிமிடம் ஒத்திகை நடந்தால், அந்த 22 பேரில் ஒவ்வொருவரும் மேடையில் நிற்பது எட்டுப் பத்து நிமிடம். மிச்ச நேரம் முழுக்கச் சுவரோரம்தான். முதல் நாள் ஆர்வமாகப் பார்ப்பார்கள். மூன்றாம் நாள் பேச்சு தொடங்கும். இரண்டாம் வாரத்தில் ‘டியூஷன் இருக்கு மிஸ்’ என்று நாலைந்து பேர் கழன்றுகொள்வார்கள். கடைசி வாரம் எல்லோரையும் மேடையில் ஏற்றும்போது யாருக்கும் எங்கே நிற்பது என்று தெரியாது. இதை ஒழுங்குப் பிரச்சினையாக நினைத்துச் சத்தம் போடுவதில் பயனில்லை. பெரும்பாலும் கோளாறு நேர அட்டவணையில் இருக்கிறது. அடுத்தபடியாக, அந்தப் பிள்ளைக்கு மேடையில் என்ன வேலை என்று யாரும் சொல்லாததில் இருக்கிறது.

தமிழ்ப் பள்ளி மேடைகளில் அடிக்கடி போடப்படும் காட்சி என்பதால், சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கண்ணகி, பாண்டியன், அரசி என்று மூன்று பெரிய வேடங்கள். அதைச் சுற்றி ஒரு கூட்டம்.

அட்டவணை

நாடகத்தைக் காட்சி வாரியாகப் பிரிக்காமல், ஆள் வரும் போகும் இடங்களை வைத்துத் துண்டு துண்டாக நறுக்குங்கள். யாராவது மேடைக்கு வந்தாலோ போனாலோ ஒரு புதுத் துண்டு. வழக்குரை காதை இப்படிப் பிரியும்:

1. அரசி தோழியிடம் கெட்ட கனவைச் சொல்வது
2. பரிவாரத்தோடு அரசி அவைக்கு வருவது
3. வாயிலில் கண்ணகியும் காவலனும்
4. காவலன் உள்ளே வந்து அரசனிடம் சொல்வது
5. வழக்கு
6. சிலம்பு உடைவது, அரசன் விழுவது
7. அரசியின் முடிவு

ஒரு பெரிய சார்ட்டில் துண்டுகளை இடப்பக்கமும் பிள்ளைகளின் பெயர்களை மேலேயும் எழுதி, யார் எதில் வருகிறார்களோ அங்கே குறி போடுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற வேலை. முடித்ததும் ஒன்று கண்ணில் படும்: 1-க்கும் 3-க்கும் சேர்த்து 4 பேர் போதும். 2, 4, 5, 6, 7-க்குக் கூட்டம் வேண்டும். ஆக, வாரத்தில் மூன்று நாள் ஒத்திகை என்றால் ஒரு நாள் நால்வருக்கு மட்டும், இரண்டு நாள் கூட்டத்துக்கு. தினமும் எல்லோரையும் கூப்பிட வேண்டிய தேவையே இல்லை.

கூட்டம் வருகிற நாளில் வரிசை முக்கியம். பெரிய கூட்டம் உள்ள துண்டை முதலில் எடுங்கள், ஆள் குறைந்ததைக் கடைசியில். வழக்கமாக நடப்பது தலைகீழ். ‘கண்ணகி வசனத்தை ஒரு தடவை பார்த்துட்டு அப்புறம் எல்லாரையும் கூப்பிடுறேன்’ என்று ஆரம்பித்து, அந்த ஒரு தடவை 50 நிமிடமாகி, கூட்டத்துக்குக் கிடைப்பது வேன் ஹாரன் அடிக்கும் நேரம். 4:15-க்குத் தொடங்கினால் 4:25 வரை எல்லோருக்கும் குரல், உடல் பயிற்சி. 4:25 முதல் 5 வரை கூட்டத் துண்டுகள். அதன்பின் 5:30 வரை முக்கிய வேடங்கள் மட்டும்.

5 மணிக்கு வேலை முடிந்த பிள்ளையை வீட்டுக்கு அனுப்ப முடிந்தால் அனுப்பிவிடுங்கள். நம் ஊரில் அது எப்போதும் நடக்காது. வேன் 5:30-க்குத்தான் கிளம்பும், அப்பா 6 மணிக்குத்தான் வருவார். அப்படித் தங்குகிறவர்களுக்கு இரண்டாவது இடம் ஒன்று வேண்டும்: பக்கத்து வகுப்பறை, வராந்தா, மரத்தடி, எதுவானாலும். அங்கே பொறுப்புக்கு ஒருவர், செய்ய ஒரு வேலை. என்ன வேலை என்று பிறகு பார்ப்போம். அடுத்த வாரம் யாருக்கு எந்த நாள் என்ற சீட்டு வெள்ளிக்கிழமையே வீட்டுக்குப் போய்விட வேண்டும். யாரும் வேலையில்லாமல் 20 நிமிடத்துக்கு மேல் காத்திருக்கக் கூடாது என்று ஓர் எல்லை வைத்துக்கொண்டு, அதை ஆசிரியர் தன் கடிகாரத்தில் பார்த்துக்கொள்ளட்டும்.

அரையாண்டுத் தேர்வு டிசம்பரில். நாடகம் ஜனவரியிலோ பிப்ரவரியிலோ என்றால், தேர்வுக்கு முன் கூட்டத்தைப் பழக்கி முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். விடுமுறை முடிந்து வரும்போது நின்ற இடம் மறந்திருக்கும். தேர்வுக்கு முன் முக்கிய வேடங்களின் வசனம், பொங்கல் நெருங்கும்போது கூட்டம் என்று வைப்பது மேல்.

வேடம் கொடுக்கும் நாள்

‘எல்லா வேடமும் சமம்தான்’ என்று சொன்னால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூட நம்பாது. வசனத்தை எண்ணத் தெரியும் அதற்கு. அந்த வேடம் இல்லாவிட்டால் காட்சியில் என்ன கெடும் என்று சொல்லுங்கள். வாயிற்காவலனை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணகி அவைக்குள் கால் வைப்பதற்கு முன்பே, வந்திருப்பவள் கொற்றவையோ காளியோ என்று நினைக்கும்படி இருக்கிறாள் என அரசனிடம் சொல்கிறவன் அவன். அவன் பயந்தால்தான் பார்ப்பவர்கள் பயப்படுவார்கள். அவன் செய்தித்தாள் வாசிப்பதுபோல் சொல்லிவிட்டால், பின்னால் வரும் கண்ணகி எவ்வளவு கத்தினாலும் காட்சி ஏறாது. இந்த விளக்கம் கேட்ட பையனுக்குத் தன் ஆறு வரியில் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிடும்.

‘காவலர் 1, காவலர் 2’ என்று நடிகர் பட்டியலில் எழுத வேண்டாம். பெயர் வையுங்கள். பாண்டிய நாட்டுக் கதை என்பதால் பெயருக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. கீழடிப் பானை ஓடுகளிலேயே ஆதன், குவிரன் என்ற பெயர்கள் கிடைக்கின்றன. சாத்தன், கொற்றன், மாறன் என்று சங்கப் பாடல்களில் இன்னும் நிறைய உண்டு. ஒத்திகையில் கூப்பிடும்போதும் ‘ஆதன், ரெண்டு அடி பின்னாடி’ என்றே கூப்பிடுங்கள். ‘ஏய், அந்த மூணாவது பையா’ என்று கூப்பிட்டால் அவன் மூன்றாவது பையனாகத்தான் நிற்பான்.

இரண்டாம் நாள், ஆளுக்கு அரைப் பக்கம் எழுதச் சொல்லுங்கள். பத்து நிமிடம் போதும். நான்கு கேள்விகள்: இந்த அவைக்கு வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பு நீ என்ன செய்துகொண்டிருந்தாய்? இங்கே யாரைக் கண்டால் உனக்குப் பயம்? வழக்கில் யார் சொல்வது உண்மை என்று நினைக்கிறாய், எந்த இடத்தில் அந்த நினைப்பு மாறுகிறது? காட்சி முடிந்ததும் எங்கே போவாய்? மூன்றாவது கேள்விதான் உண்மையில் பயன்படும். கூட்டத்தில் பாதிப்பேர் அரசன் பக்கம், சிலர் ஆரம்பத்திலிருந்தே சந்தேகத்தோடு என்று பிரிந்துவிட்டால், அவை தானாகவே உயிரோடு இருக்கும். வரலாற்று ஆராய்ச்சி, குடும்ப மரம் என்று பெரிய வீட்டுப்பாடமாக ஆக்கினால் வெறுத்துவிடுவார்கள்.

கையும் கண்ணும்

மேடையில் வெறுமனே நிற்கும் பிள்ளைக்கு இரண்டு தொல்லை: கையை என்ன செய்வது, எங்கே பார்ப்பது. இந்த இரண்டுக்கும் விடை கிடைக்காததால்தான் தலை சொறிவது, துப்பட்டாவை முறுக்குவது, அரங்கில் அம்மாவைத் தேடுவது எல்லாம்.

கைக்கு விடையை இளங்கோவடிகளே கொடுத்திருக்கிறார். அரசி அவைக்கு வரும்போது கூட வருகிறவர்களைக் ‘கூட்டம்’ என்று அவர் விட்டுவிடவில்லை. ஒருத்தி கண்ணாடி, ஒருத்தி அணிகலன், ஒருத்தி புத்தாடை, ஒருத்தி பட்டு, வெற்றிலைச் செப்பு, சுண்ணப்பொடி, கஸ்தூரிச் சாந்து, மாலை, கவரி, தூபம் என்று ஆளுக்கு ஒரு பொருள். அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒன்று மட்டும். இரண்டு கொடுத்தால் ஒன்று கீழே விழும்.

பொருளைக் கடைசி வாரம் கொடுக்கக் கூடாது. இரண்டாம் வாரமே கொடுங்கள். உண்மைப் பொருள் தயாராகாவிட்டால் வெற்றிலைச் செப்புக்கு ஜியாமெட்ரி பாக்ஸ், கண்ணாடிக்கு நோட்டுப் புத்தகம் போதும். எடைக்குக் கை பழக வேண்டும், அவ்வளவுதான். பொருள்வாரியாக வரும் சிக்கல்கள் இவை. வேல் 5 அடி மூங்கில் கழியாக இருக்கட்டும். அடியில் கைத்தடிக்குப் போடும் ரப்பர் புஷ் மாட்டாவிட்டால், பலகை மேடையில் ஒவ்வொரு அசைவும் மைக்கில் ‘டொக் டொக்’ என்று கேட்கும். கண்ணாடியில் நிஜக் கண்ணாடி வேண்டாம், மேடை விளக்கு அதில் பட்டு முன்வரிசையின் கண்ணைக் கூசவைக்கும். கசக்கிய வெள்ளித்தாள் ஒட்டினால் போதும். தூபக்காலில் நெருப்பு கூடவே கூடாது, பஞ்சு வைத்தால் புகைபோலத் தெரியும். கவரி வீசுகிறவர் தன் மூச்சின் வேகத்தில் வீசட்டும், ஒரு மூச்சுக்கு ஒரு வீச்சு. இல்லையென்றால் கொசு விரட்டுவதுபோல் ஆகிவிடும்.

கண்ணுக்கு விடை: பார்வைக் குறிப்பு. ஒவ்வொரு பிள்ளைக்கும் பிரதியின் நகல் கொடுத்து, தன் பார்வை மாறும் 4 இடங்களைப் பென்சிலால் வட்டமிடச் சொல்லுங்கள். கண்ணகி ‘தேரா மன்னா’ என்றதும் எல்லோரும் கண்ணகியைப் பார்த்தால் காட்சி தட்டையாகிவிடும். அமைச்சர்கள் அரசனைப் பார்க்க வேண்டும், அந்தச் சொல்லுக்கு அவன் என்ன செய்யப்போகிறான் என்று. தோழிகள் அரசியைப் பார்க்க வேண்டும். காவலர்கள் கண்ணகியிடமிருந்து கண்ணை எடுக்காமல் வேல் பிடித்த கையை மட்டும் இறுக்க வேண்டும். ஒரே சொல்லுக்கு மூன்று வேறு வேலை. அந்த மூன்று பார்வையும் அரங்கத்துக்குக் கதை சொல்லிவிடும். காட்சி முழுக்க ‘கவனமா இரு’ என்று சொல்வதைவிட, நான்கு இடத்தில் என்ன செய்வது என்று சொல்வது பிள்ளைக்கு எளிது. அடுத்த இடம் எப்போது வரும் என்று வசனத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தாக வேண்டும் என்பதால், நீங்கள் கேட்ட கவனமும் கூடவே வந்துவிடும்.

அதிர்ச்சியை எவ்வளவு காட்டுவது என்பதற்கு மூன்று அளவு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று: கண் மட்டும். இரண்டு: தலை திரும்பும். மூன்று: உடம்பு நகரும், ஓர் அடி பின்னால் போகும். ‘இன்னும் கொஞ்சம் ஃபீல் பண்ணு’ என்று சொன்னால் ஆளுக்கு ஒரு விதமாகச் செய்வார்கள். ‘இங்கே ஒன்று, அங்கே இரண்டு’ என்றால் உடனே புரியும். வழக்குரை காதையில் மூன்றை ஒரே இடத்துக்குச் சேமித்து வையுங்கள்: உடைந்த சிலம்பின் மாணிக்கம் அரசனின் முகத்தருகே தெறிக்கும் இடம். அங்கேயும் 22 பேரும் ஒரே நொடியில் பின்வாங்கினால் டிரில் மாதிரி இருக்கும். சிலம்புக்கு அருகில் உள்ளவர்கள் முதலில், அடுத்த வரிசை அரை நொடி கழித்து, வாயிலில் நிற்பவர்கள் அதற்கும் பிறகு. கைதட்டி ‘ஒன், டூ, த்ரீ’ சொல்லி ஐந்தாறு முறை பழக்கினால் வந்துவிடும். கூட்டத்துக்கு இது ரொம்பப் பிடித்த பயிற்சி. அதனால் அலுப்பு தட்டும் நாளில் இதை எடுங்கள்.

எதிர்ப்பக்கத் தொல்லையும் உண்டு. ஆர்வக்கோளாறு. பின்வரிசைத் தோழி கண்ணைத் துடைத்து, நெஞ்சில் கைவைத்து, பக்கத்தில் உள்ளவளைப் பிடித்து ஒரு தனி நாடகமே நடத்துவாள். அரங்கம் கண்ணகியை விட்டு அவளைப் பார்க்கும். ‘நீ ஒண்ணும் பண்ணாதே’ என்று அடக்கினால் அடுத்த நாள் மரம்போல் நிற்பாள். வேலையைச் சுருக்கிக் கொடுங்கள்: ‘அரசி மயங்கி விழலாம்னு உனக்குத் தோணுது. அவங்க கையை மட்டும் பார்த்துக்கிட்டே இரு.’ கவனம் அரசியிடம் போய்விடும், மிகை தானாகக் குறையும்.

ஊர் முணுமுணுக்கும் இடங்களில் ‘ஏதாவது பேசுங்க’ என்று சொல்லாதீர்கள். நேற்றைய கிரிக்கெட் மேட்ச் பேசிச் சிரிப்பார்கள், அந்தச் சிரிப்பு மேடைக்கு வெளியேயும் தெரியும். ஆளுக்கு ஒரு சொந்த வரி எழுதிக் கொடுங்கள், அல்லது அவர்களையே எழுதவையுங்கள்: ‘கோவலன் பொண்டாட்டியா இது?’, ‘கையில என்ன வச்சிருக்கா?’, ‘பொற்கொல்லன் சொன்னது பொய்யா?’ அவரவர் வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லலாம். எங்கே நிறுத்துவது என்பதற்கு ஓர் அடையாளம் வேண்டும். அரசன் கை உயர்த்துவதே போதும். பள்ளி மேடையில் பெரும்பாலும் முன்னால் இரண்டு ஸ்டாண்டு மைக்தான் இருக்கும் என்பதால், முணுமுணுப்பவர்களில் குரல் நல்ல ஒருவரையாவது அதன் பக்கமாக நிறுத்துங்கள்.

நெடுநேரம் நிற்பவர்கள் முழங்காலை விறைத்து வைத்துக்கொண்டால் தலை சுற்றி விழ வாய்ப்புண்டு. மேடைச் சூடு, கனத்த ஜரிகை உடை, மத்தியானத்துக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடாத வயிறு எல்லாம் சேர்ந்தால் நிச்சயம் யாராவது ஒருவர் உட்கார்ந்துவிடுவார். முழங்காலைச் சற்றுத் தளர்த்தி, எடையைக் கால் மாற்றி நிற்கப் பழக்குங்கள். ஒத்திகைக்கு முன் சுண்டலோ கடலை மிட்டாயோ, தண்ணீரோ எல்லோருக்கும் கிடைக்க வேண்டும், கண்ணகிக்கு மட்டும் அல்ல.

காத்திருக்கும் நேரம்

தெருக்கூத்தில் இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. பின்பாட்டுக்காரர்கள் வாத்தியக்காரர்களோடு ஆட்டக்களத்தின் பின்னாலேயே இருந்து, ஆடுகிறவர் பாடும் அடியை வாங்கிப் பாடுவார்கள். கட்டியங்காரன் வருகிற பாத்திரத்தை அறிமுகம் செய்வான், கேள்வி கேட்பான், கிண்டல் பண்ணுவான். அந்த முறையில் கொஞ்சத்தைக் கடன் வாங்கலாம். காத்திருக்கும் பிள்ளைகளை மேடையின் ஓரம் பாய் போட்டு அரைவட்டமாக உட்காரவையுங்கள். பாட்டின் கடைசி அடியைத் திருப்பிப் பாடுவது, சிலம்பொலி, முரசொலி, கூட்டத்தின் இரைச்சல் எல்லாம் அவர்கள் பொறுப்பு. நாடகத்தன்றும் அதே இடத்தில் இருக்கலாம். திரைமறைவில் ஓடிப் பிடிக்கும் வேலை உங்களுக்கு மிச்சம். வாயிற்காவலனையே கட்டியங்காரனாக்கி ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு வரி அறிமுகம் கொடுத்தால், ஆறு வரிக்காரன் நாடகத்தை நடத்துகிறவனாகிவிடுவான்.

இரண்டாவது வேலை, மாற்று நடிகர். சிறு வேடக்காரர் ஒவ்வொருவரும் ஒரு பெரிய வேடத்தின் வசனத்தையும் படிக்கட்டும். காய்ச்சல் பரவும் மாதங்களில் இது அலங்கார ஏற்பாடு இல்லை, தேவை. ஆனால் வெறும் பெயருக்கு வைத்தால் ஒரு வாரத்தில் விட்டுவிடுவார்கள். நான்காம் வாரத்தில் ஒரு தேதி குறித்து, அன்று முழு நாடகத்தையும் மாற்று நடிகர்களே போட வேண்டும், முதல் நடிகர்கள் அவர்களின் இடத்தில் நின்று வேல் பிடிக்க வேண்டும். முதல் நடிகர்களுக்குக் கூட்டத்தில் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்பதும் அன்று புரியும். ‘ஒருவேளை உனக்கே மெயின் ரோல் கிடைக்கலாம்’ என்று மட்டும் ஆசை காட்டாதீர்கள்.

மூன்றாவது, பார்வையாளர் சீட்டு. ‘உட்கார்ந்து பார்’ என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். ஒரு துண்டுத் தாளில் ஒரே ஒரு வேலை எழுதிக் கொடுங்கள்: கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்காத சொற்களை எழுது, யார் முகம் யாரால் மறைகிறது என்று குறி. தாள் ஆசிரியர் கைக்கு வரட்டும். பிள்ளைகள் நேராக ஒருவரையொருவர் திருத்த ஆரம்பித்தால் சண்டையில் முடியும்.

பிராம்ப்டர் (வசனம் மறந்தால் எடுத்துக்கொடுப்பவர்), பொருள் மேசை, ஒலி என்ற பொறுப்புகளையும் பகிரலாம். பொருள் மேசைக்குப் பழுப்புத்தாள் விரித்து, ஒவ்வொரு பொருளையும் வைத்து ஸ்கெட்ச் பேனாவால் சுற்றி வரைந்து பெயர் எழுதிவிட்டால், எது காணோம் என்று ஒரு பார்வையில் தெரியும். ஒரு எச்சரிக்கை: கொடுக்கும் பொறுப்பு அந்தப் பிள்ளையின் வருகையோடு மோதாமல் சார்ட்டைப் பாருங்கள். அத்தோடு, டீ வாங்கி வருவதும் நாற்காலி தூக்குவதும் பொறுப்பு ஆகாது. சிறு வேடம் என்றால் எடுபிடி என்ற எண்ணம் வந்துவிட்டால் மேலே சொன்ன எதுவும் வேலை செய்யாது.

பரீட்சை நேரத்தில் ஒரு மூலையைப் படிப்பதற்கென்றே விடுவதும் தவறில்லை. கூப்பிட்டதும் ஒரு நிமிடத்தில் இடத்துக்கு வர வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

பெற்றோரும் கடைசி வாரமும்

‘எங்க பொண்ணுக்கு வசனமே இல்லையாமே’ என்று ஒருவராவது கேட்பார். அவரைச் சமாதானப்படுத்த ஆளுக்கு ஒரு வரி என்று பிரதியை நறுக்கிக் கொடுப்பதுதான் பள்ளி நாடகங்களைக் கெடுக்கும் பெரிய வழக்கம். நாடகம் வருகைப்பதிவு எடுப்பதுபோல் ஆகிவிடும். அந்தப் பிள்ளையின் நான்கு பார்வைக் குறிப்பையும் அரைப் பக்கத்தையும் காட்டிப் பேசுங்கள். கூடுமானால் ஒரு கூட்ட ஒத்திகைக்கு அவரை வரச் சொல்லுங்கள்.

கடைசி வாரம் விளக்கும் மைக்கும் சரிபார்க்கும் நாளில்தான் காத்திருப்பு மிக அதிகம். அன்று விளக்குக்காரருக்கு ஆள் நிறுத்திப் பார்க்க வேண்டியிருக்கும். காவலர்களை அவரவர் சாக்பீஸ் குறியில் நிறுத்துங்கள், இரண்டு வேலையும் நடக்கும். உடையைச் சாப்பிட்ட பிறகு மாட்டவும். ஒட்டுத் தாடி அரிக்கும், அதைக் கடைசியாக ஒட்டவும். மேக்கப் பெட்டி முக்கிய வேடங்களோடு மட்டும் தீர்ந்துவிடாதபடி, கூட்டத்தில் உள்ளவர்களுக்கும் ஆளுக்கு 5 நிமிடம் கணக்குப் போட்டு, 22 பேருக்கு இரண்டு ஆள் வேண்டுமா மூன்று ஆள் வேண்டுமா என்று முன்பே பேசிவையுங்கள்.

நிகழ்ச்சித் தொகுப்பாளர் கையில் 28 பெயரும் வேடப் பெயரோடு இருக்க வேண்டும், ‘மற்றும் பலர்’ இல்லாமல். வணங்கும்போது கூட்டம் முதலில் முன்வரும், முக்கிய வேடங்கள் பிறகு. சிறப்பு விருந்தினரோடு எடுக்கும் படத்தில் ஓரத்தில் நிற்பவர்கள் வெட்டுப்படுவது வழக்கம் என்பதால், புகைப்படக்காரரிடம் மூன்று வரிசை என்று முன்கூட்டியே சொல்லி, முன்வரிசையைத் தரையில் உட்காரவையுங்கள்.